கடைத்தளத்திலிருந்து புற்றுநோய்த் தொண்டுக்கு: நான்சி பிரிங்கரின் பாதை குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

சந்தைப்படுத்தலில் பயின்ற ஒருவர் மருத்துவத் தொண்டு நிறுவனத்துக்குள் நுழையும்போது தன்னுடன் எதைக் கொண்டு வருகிறார், அதில் எது அங்கே பலன் தருகிறது, எது தீங்காக மாறுகிறது என்று ஆராய அமெரிக்காவின் நான்சி பிரிங்கரைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. ஆடம்பர அங்காடி ஒன்றில் கொள்முதல் பயிற்சியாளராக வேலையைத் தொடங்கிய அவர், 1982-இல் தம் அக்காவின் பெயரில் சூசன் ஜி. கோமென் அறக்கட்டளையை நிறுவி, மார்பகப் புற்றுநோய்க்காக உழைக்கும் தொண்டு நிறுவனங்களில் உலகிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றாக அதை வளர்த்தார். முப்பது ஆண்டுகள் கழித்து, அவர் தலைமைப் பொறுப்பில் இருந்தபோதே, அந்நிறுவனம் சில நாட்களுக்குள் தன் நற்பெயரின் பெரும் பகுதியை இழந்தது. வளர்ச்சிக்கும் சரிவுக்கும் தனித்தனிக் காரணங்கள் தேடுவது வழக்கம். இரண்டையும் ஒரே திறமையின் விளைவுகளாகப் பார்த்தால்தான் இந்தத் துறைக்கு வர நினைப்பவர்களுக்கு இவ்வாழ்க்கை பயன்படும் என்பது என் கருத்து.

கடை கற்றுக்கொடுத்தது

இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகரில் 1946-இல் பிறந்த நான்சி, 1968-இல் பல்கலைக்கழகப் படிப்பை முடித்ததும் டெக்சாஸின் டல்லஸ் நகருக்குச் சென்று நெய்மன் மார்கஸ் அங்காடியின் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தார். அப்போது அந்த அங்காடியை நடத்திவந்த ஸ்டான்லி மார்கஸ், சில்லறை வணிகத்தில் பெரிய ஆசானாகக் கருதப்பட்டவர். வாங்குபவருக்கு நல்ல கொள்முதலாக அமையாத எந்த விற்பனையும் கடைக்கு நல்ல விற்பனை ஆகாது என்பது அவருடைய தந்தை ஹெர்பர்ட் மார்கஸ் வகுத்துத் தந்த விதி; அந்தக் கடையில் வேலை செய்த எவரும் அதைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது.

இந்த ஆய்வு முழுவதும் அந்த விதியையே அளவுகோலாகக் கொள்கிறேன். கடையில் காசு கொடுப்பவரும் பொருளைப் பயன்படுத்துபவரும் பெரும்பாலும் ஒருவரே. பொருள் சரியில்லை என்றால் அடுத்த வாரமே திரும்பி வந்து சொல்லிவிடுவார். தொண்டு நிறுவனத்தில் காசு கொடுப்பவர் ஒருவர், பயன்பெறுபவர் வேறொருவர். இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை. நன்கொடையாளர் மனநிறைவோடு வீட்டுக்குப் போய்விடுகிறார். நோயாளிக்குக் கிடைத்தது நல்லதா என்று அவருக்குத் தெரிய வழியில்லை, நோயாளி வந்து முறையிடவும் இடமில்லை. வணிகத்திலிருந்து தொண்டுக்கு மாறுபவர் எதிர்கொள்ளும் மிகப் பெரிய மாற்றம் இதுதான். சம்பளக் குறைவும் பணிச்சூழலும் இதற்கு அடுத்தபடியாகத்தான் வரும்.

அக்காவின் நோய்

மூன்று வயது மூத்தவரான சூசனுக்கு 1977-இல், 33-ஆம் வயதில், மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. முதல் அறுவைக்குப் பிறகு குணமாகிவிட்டது என்று சொந்த ஊரிலேயே மருத்துவர் சொன்னதைக் குடும்பம் நம்பியது. நோய் பரவியது. ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம் வரை சென்று, ஒன்பது அறுவைகளையும் பலமுறை கீமோதெரபியையும் கதிர்வீச்சையும் தாங்கிய பின், 1980 ஆகஸ்டில், 36 வயதில், இரண்டு சிறு குழந்தைகளை விட்டுவிட்டு அவர் காலமானார். இந்த நோயை ஒழிக்கத் தன்னால் ஆனதைச் செய்வதாக நான்சி அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்தக் காலச் சூழலை மறந்துவிட்டால் அவர் செய்ததன் எடை நமக்குப் புரியாது. மார்பகம் என்ற சொல்லையும் புற்றுநோய் என்ற சொல்லையும் சேர்த்து அச்சிடப் பத்திரிகைகள் தயங்கின. உறவினர்கள் அந்த நோயின் பெயரைக் குரல் தாழ்த்தியே உச்சரித்தார்கள். 1974 செப்டம்பரில் அமெரிக்க அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டு தமக்கு நடந்த மார்பக நீக்க அறுவையை வெளிப்படையாக அறிவித்தபோது, நாடெங்கும் பெண்கள் பரிசோதனைக்கு முன்வந்தார்கள். ஒரே ஒரு அறிவிப்புக்கு அவ்வளவு விளைவு இருந்தது என்றால், அதற்கு முன் நிலவிய மௌனம் எவ்வளவு உயிர்களைக் குடித்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

1982-இல் 200 டாலரும், உதவக்கூடியவர்களின் பெயர்கள் நிறைந்த ஒரு காலணிப் பெட்டியும் வைத்துக்கொண்டு அறக்கட்டளை தொடங்கியதாக நிறுவனத்தின் வரலாறு சொல்கிறது. அந்தப் பெட்டியில் இருந்தவை டல்லஸ் நகரத்துப் பெயர்கள்; நெய்மன் மார்கஸில் வேலை செய்த காலத்திலும் அதன் பின்னரும் அவர் பழகிய வட்டாரத்தின் பெயர்கள். தொண்டுத் துறைக்கு மாறும் விற்பனைக்காரர் கொண்டுவரும் முதல் மூலதனம் தொடர்புகள்தான் என்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் அதை முதலில் சம்பாதிக்க முடிந்தவர்களுக்குத்தான் அந்த வழி திறந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1981-இல் அவர் மணந்த நார்மன் பிரிங்கர், ஸ்டேக் அண்ட் ஏல் என்ற உணவகச் சங்கிலியை உருவாக்கியவர், பின்னர் சில்லிஸ் உணவகங்களைப் பெருக்கியவர். ஒரே மாதிரியான கிளைகளை ஊர் ஊராகத் திறக்கும் கலை அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தது.

தொடக்க நாட்களில் உள்ளாடை தயாரிக்கும் நிறுவனமொன்றின் அதிகாரியைச் சந்தித்து, பொருளோடு தொங்கும் அட்டையில் மார்பகப் பரிசோதனையை நினைவூட்டும் வாசகம் சேர்க்கலாமே என்று நான்சி கேட்டார். தாங்கள் விற்பது கவர்ச்சியே தவிர அச்சம் அல்ல என்ற பொருளில் பதில் வந்ததாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். மறுத்தவரின் கணக்கில் பிழையில்லை: அச்சத்தோடு பிணைந்த பொருளை யாரும் விரும்பி எடுப்பதில்லை. நான்சி அதிலிருந்து எடுத்துக்கொண்ட முடிவு, நோயை அச்சத்திலிருந்து பிரித்துக் கொண்டாட்டத்தோடு பிணைக்க வேண்டும் என்பது. அடுத்த முப்பது ஆண்டுகளின் நன்மையும் தீமையும் அந்த முடிவிலிருந்தே கிளைத்தன.

ஓட்டம்

1983-இல் டல்லஸில் சுமார் 800 பேர் ஓடிய 5 கிலோமீட்டர் ஓட்டம்தான் முதல் 'ரேஸ் ஃபார் த க்யூர்'. மறு ஆண்டே நான்சிக்கும் மார்பகப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. சிகிச்சை பெற்றுப் பிழைத்தார். இதற்குப் பிறகு அவர் மற்றவர்களின் நோயைப் பற்றிப் பேசும் அமைப்பாளராக மட்டும் இருக்கவில்லை. ஓட்டம் பிற நகரங்களுக்கும் பிற நாடுகளுக்கும் பரவி, ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்கும் நிகழ்வாக வளர்ந்தது.

இந்த ஓட்டத்தின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. இந்த வாழ்க்கைப் பாதையில் சந்தைப்படுத்தல் திறமை முழு நேர்மையோடு வேலை செய்த இடம் இது. 1990-களின் தொடக்கத்திலிருந்து நோயிலிருந்து மீண்டவர்கள் இளஞ்சிவப்புத் தொப்பியோ சட்டையோ அணிந்து வந்தார்கள். மற்றவர்கள் முதுகில் ஒரு தாளைக் குத்திக்கொண்டார்கள். யாருடைய நினைவாக, அல்லது மீண்டு வாழும் யாரைக் கொண்டாடி ஓடுகிறேன் என்று அதில் தங்கள் கையால் பெயர் எழுதினார்கள். பின்னால் ஓடி வருபவர் அதைப் படித்துக்கொண்டே ஓடுவார். அம்மா என்றும் பாட்டி என்றும் எழுதிய நூற்றுக்கணக்கான முதுகுகளுக்கு நடுவே ஓடும் பெண்ணுக்கு, தனக்கு வந்தது தனக்கு மட்டும் வந்த அவமானம் அல்ல என்று யாரும் சொல்லத் தேவையில்லை. எந்த விளம்பரப் பலகையாலும் இதைச் சாதித்திருக்க முடியாது.

பணத்தின் போக்கும் தெளிவாக இருந்தது. உள்ளூர் ஓட்டத்தில் திரண்ட நிகரத் தொகையில் 75 சதவீதம் வரை அந்தந்த ஊரிலேயே பரிசோதனைக்கும் சிகிச்சை உதவிக்கும் விழிப்புணர்வுக்கும் செலவானது. எஞ்சியது மையத்துக்கு, ஆராய்ச்சி மானியங்களுக்குச் சென்றது. இங்கே காசு கொடுத்தவரும் பயன் பெற்றவரும் ஒரே ஊர்க்காரர்கள், பல சமயம் ஒரே குடும்பம். ஹெர்பர்ட் மார்கஸின் விதி இந்த ஓட்டத்தில் அப்படியே பொருந்தியது.

நாடாவும் மூடியும்

மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வின் அடையாளமான இளஞ்சிவப்பு நாடாவின் வரலாறு பலருக்கும் தெரியாது. கலிபோர்னியாவில் சார்லட் ஹேலி என்ற 68 வயதுப் பெண்மணி பீச் பழ நிறத்தில் நாடாக்களைத் தம் வீட்டு மேசையிலேயே செய்து, ஓர் அட்டையோடு சேர்த்து வழங்கிவந்தார். அமெரிக்க அரசின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆண்டு நிதி 180 கோடி டாலர், அதில் நோய்த்தடுப்புக்குப் போவது 5 சதவீதம் மட்டுமே என்று அந்த அட்டை சொன்னது. 1992-இல் 'செல்ஃப்' இதழ் அந்த நாடாவைப் பயன்படுத்தக் கேட்டு அவரை அணுகியபோது, இது வணிகமாகிவிடும் என்று மறுத்துவிட்டார். வழக்கறிஞர்களின் யோசனைப்படி இதழும் எஸ்டே லாடர் அழகுப்பொருள் நிறுவனமும் வேறு நிறத்தைத் தேர்ந்தன, அது இளஞ்சிவப்பு. அதற்கு முந்தைய ஆண்டே கோமென் அமைப்பு நியூயார்க் ஓட்டத்தில் இளஞ்சிவப்பு நாடாக்களை வழங்கியிருந்தது. ஹேலியின் அட்டையில் இருந்த கேள்வி மட்டும் நிறம் மாறியபோது காணாமல் போயிற்று. அரசைப் பார்த்துக் கேட்கும் கேள்வியாகப் பிறந்த ஒன்று, எந்தப் பொருளிலும் ஒட்டக்கூடிய அடையாளமாக மாறியது இப்படித்தான்.

ஒட்டவும் செய்தார்கள். தயிர் விற்கும் யோப்ளே நிறுவனம் 1990-களின் இறுதியில் தொடங்கிய திட்டம் இதற்குச் சரியான மாதிரி: தயிர்க் கிண்ணத்தின் மூடியைக் கழுவி அஞ்சலில் அனுப்பினால், மூடிக்கு 10 சென்ட் கோமென் அமைப்புக்குப் போகும். 1999-இல் அமெரிக்காவில் ஒரு கடிதத்துக்கான அஞ்சல் தலை 33 சென்ட். மூன்று மூடிகளை அனுப்பியவர் தபாலுக்குச் செலவிட்டது, தொண்டுக்குப் போனதைவிட அதிகம்! அந்த 33 சென்ட்டை நேரடியாகக் கொடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். அப்படிக் கேட்பவர் விற்பனை உளவியல் தெரியாதவர் என்பது சந்தைப்படுத்தல்காரரின் பதிலாக இருக்கும். சமையலறைத் தொட்டியில் மூடியைக் கழுவும் அந்த அரை நிமிடம் நோயைப் பற்றி நினைக்கவைக்கிறது என்பார். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் தயிர் நிறுவனத்துக்கு விற்பனை கூடியது, வாங்கியவருக்கு மனம் நிறைந்தது, நோயாளிக்கு என்ன கிடைத்தது என்பதை மட்டும் மூவரில் எவரும் அளக்கவில்லை. சான்பிரான்சிஸ்கோவின் பிரெஸ்ட் கேன்சர் ஆக்‌ஷன் அமைப்பு 2002-இல் இளஞ்சிவப்புப் பொருளை வாங்குமுன் யோசியுங்கள் என்று இயக்கம் தொடங்கியது இந்தக் கேள்வியை முன்வைத்துத்தான். நுகர்வின் மீது எழுந்த நாட்டில் சமூகத் துயரைத் தீர்க்க நுகர்வைப் பயன்படுத்தக் கூடாது என்பது பொருளற்றது என்பது நான்சியின் நிலைப்பாடு. அதில் அவர் கடைசிவரை உறுதியாக நின்றார்.

2010-இல் கேஎஃப்சி உணவகங்கள் இளஞ்சிவப்பு வாளியில் பொரித்த கோழியை விற்று, வாளிக்கு 50 சென்ட் வீதம் 42 லட்சம் டாலர் அளித்தன. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு உடல்பருமன் மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் என்பது மருத்துவம் அறிந்த செய்தி. கோமென் ஓட்டங்கள் எட்டாத சிற்றூர்களிலும் கேஎஃப்சி கடை இருந்தது, அங்குள்ள பெண்களிடம் செய்தி போய்ச்சேரும் என்ற வாதத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. ஏழைப் பெண்களை எட்டுவது அந்த நிறுவனத்தின் உண்மையான அக்கறை. எனினும் தயிர் மூடியில் நோயாளியின் நலன் அளக்கப்படாமல் போனது என்றால், வாளியில் அது பணம் கொடுப்பவரின் நலனோடு நேராகவே மோதியது. அந்த மோதலை மேசையில் வைத்துப் பேசும் ஒருவர் ஒப்பந்தம் கையெழுத்தாகும் அறையில் இருந்திருக்க வேண்டும்.

98-உம் 23-உம்

இந்த வாழ்க்கைப் பாதையில் மிகக் கடுமையான பாடம் வாளி அல்ல, ஒரு விளம்பர வாசகம். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் மார்பகப் புற்றுநோயில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 98 சதவீதம், இல்லையென்றால் 23 சதவீதம் என்று கோமென் அமைப்பின் விளம்பரம் ஒன்று கூறி, மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே பரிசோதனையை எடுத்துக்கொள்ளும்படி பெண்களைத் தூண்டியது. எண்கள் பொய்யல்ல. ஆனால் அவற்றை அருகருகே வைத்து இந்த முடிவுக்கு வரக் கூடாது என்று ஸ்டீவன் வோலஷின், லிசா ஷ்வார்ட்ஸ் என்ற இரு மருத்துவ ஆய்வாளர்கள் 2012-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழான பிஎம்ஜே-யில் எழுதினார்கள்.

காரணம் எளிது. ஒரு பெண்ணுக்கு அறிகுறி தோன்றி 66 வயதில் நோய் தெரிய வருகிறது, 70-இல் இறக்கிறார். ஐந்தாண்டுக் கணக்கில் அவர் பிழைக்காதவர். அதே பெண்ணுக்குப் பரிசோதனையில் 60 வயதிலேயே தெரிந்து, அதே 70-இல் இறந்தால், அவர் பிழைத்தவர். ஆயுள் ஒரு நாள்கூடக் கூடவில்லை, சதவீதம் மட்டும் ஏறிவிட்டது. உண்மையான பலனை இறப்பைக் கொண்டே அளக்க வேண்டும்: ஐம்பதுகளில் இருக்கும் பெண் அடுத்த பத்தாண்டில் மார்பகப் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பை மேமோகிராம் 0.53 சதவீதத்திலிருந்து 0.46 சதவீதமாகக் குறைக்கிறது என்று அவ்விருவரும் காட்டினார்கள். அதாவது பத்தாயிரம் பேரில் 53 இறப்புகள் 46 ஆகின்றன. அந்த ஏழு பேரின் உயிர் அற்பமானதல்ல. பரிசோதனை வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளவும் கூடாது. ஆனால் 98-க்கும் 23-க்கும் இடையே உள்ள பெரும் பள்ளத்தைப் பார்த்து முடிவெடுக்கும் பெண்ணும், 53-க்கும் 46-க்கும் இடையே உள்ள வேறுபாட்டையும் பொய் எச்சரிக்கைகளின் வாய்ப்பையும் தேவையற்ற சிகிச்சையின் ஆபத்தையும் பார்த்து முடிவெடுக்கும் பெண்ணும் ஒரே முடிவைத்தான் எடுப்பார்கள் என்று சொல்ல முடியாது. மேமோகிராம் குறைகளற்றதல்ல, எனினும் பரவலாகக் கிடைக்கும் கருவிகளில் அதுவே சிறந்தது என்பது கோமென் தரப்பின் பதில்.

விளம்பரம் எழுதுபவருக்கு மிகக் கூர்மையான எண்ணைத் தேர்ந்தெடுப்பது பயிற்சியின் பகுதி. சோப்புக்கு அது பொருந்தும். மருத்துவப் பரிசோதனையில் பெண்ணிடம் கேட்பது பணத்தையல்ல, உடலையும் ஒரு முடிவையும். அங்கே கூர்மை என்பது எதையோ விட்டுவிடுவதால் வருவது, விடுபட்டதன் விலையை அவரே கொடுக்கிறார். புற்றுநோயியலும் புள்ளியியலும் தெரிந்த ஒருவர், இந்த வாசகம் அச்சுக்குப் போகக் கூடாது என்று தடுக்கும் அதிகாரத்தோடு, விளம்பரப் பிரிவுக்கு உள்ளேயே இருப்பதுதான் இதற்குத் தீர்வு. ஆலோசனைக் குழுவில் புகழ்பெற்ற மருத்துவர்களின் பெயர்கள் இருந்தால் மட்டும் போதாது.

2012

2012 ஜனவரி 31 அன்று, குடும்பக் கட்டுப்பாட்டுச் சேவையும் பெண்கள் நலச் சேவையும் தரும் பிளான்டு பேரண்ட்ஹுட் அமைப்புக்கான மானியத்தை கோமென் நிறுத்துகிறது என்ற செய்தி வெளியானது. முந்தைய ஆண்டில் அந்த மானியம் சுமார் 6,80,000 டாலர். ஏழைப் பெண்களின் மார்பகப் பரிசோதனைக்கும் மேல்பரிசோதனைக்கு அனுப்புவதற்கும் செலவான பணம் அது. விசாரணையில் உள்ள அமைப்புகளுக்கு மானியம் இல்லை என்ற புதிய விதியைக் காரணம் காட்டினார்கள். அந்த அமைப்பு கருக்கலைப்புச் சேவையும் தருவதால் வந்த அரசியல் அழுத்தமே காரணம் என்று பலரும் நம்பினார்கள். கோபம் வெடித்தது. பிப்ரவரி 3-இல் முடிவு திரும்பப் பெறப்பட்டது. அப்போது கருக்கலைப்பை எதிர்க்கும் தரப்பினரும் விலகினார்கள். அடுத்த நிதியாண்டில் நன்கொடை 22 சதவீதம், 7.7 கோடி டாலர், சரிந்தது. நிதி திரட்ட 14 நகரங்களில் நடந்துவந்த மூன்று நாள் நடைப்பயணம் 2014-இல் ஏழு நகரங்களாகக் குறைந்தது. தலைமைச் செயல் அலுவலர் பொறுப்பிலிருந்து விலகுவதாக நான்சி 2012 ஆகஸ்டில் அறிவித்தார்.

இதை மக்கள் தொடர்புத் தோல்வி என்று வகைப்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. அறிக்கையின் சொற்களைத் திருத்தியிருந்தால் எதுவும் மாறியிருக்காது. இரு வகை நன்கொடையாளர்களில் யாரை இழப்பது குறைந்த சேதம் என்று கணக்கிட்ட இடத்தில், அந்தப் பணத்தால் பரிசோதனை பெற்ற பெண்களுக்கு நாற்காலி போடப்படவில்லை. தாங்கள் முதுகில் எழுதி ஓடிய பெயர்களுக்கு என்ன பொருள் என்று ஓடியவர்கள் கேட்டார்கள். எல்லாருக்கும் பொதுவான அடையாளத்தை முப்பது ஆண்டு கட்டியவருக்கு, அது பக்கம் சாய்ந்த நொடியில் அதன் மதிப்பு போய்விடும் என்பது வேறு யாரையும்விட நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

அதன் பிறகு

அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய் இறப்பு விகிதம் 1989-க்குப் பிறகு 40 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருக்கிறது. பரிசோதனையும், அதனோடு சேர்ந்து மேம்பட்ட சிகிச்சையும் இதற்குக் காரணங்கள். இதில் ஓட்டங்களுக்கும் நாடாக்களுக்கும் எவ்வளவு பங்கு என்று பிரித்துக் காட்ட முடியாது. ஆனால் நோயின் பெயரை உரக்கச் சொல்லும் பெண்களை உருவாக்கியதில் நான்சியின் பங்கு மறுக்க முடியாதது. அந்த ஒரு காரணத்துக்காகவே இந்த வாழ்க்கையை மதிப்போடு படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கறுப்பினப் பெண்கள் இந்நோயால் இறக்கும் விகிதம் வெள்ளையினப் பெண்களைவிட ஏறத்தாழ 40 சதவீதம் அதிகமாகவே நீடிக்கிறது. அவர்களும் நாடாவைப் பார்த்தவர்கள்தான், நோயின் பெயரை அறிந்தவர்கள்தான். காப்பீடு இல்லாமை, தொலைவு, முதல் பரிசோதனைக்கும் அடுத்த சந்திப்புக்கும் இடையே கரைந்துபோகும் மாதங்கள் ஆகியவற்றை விளம்பரம் தீர்ப்பதில்லை. 2016-இல் கோமென் அமைப்பு, மார்பகப் புற்றுநோய் இறப்புகளைப் பத்தாண்டுக்குள் பாதியாகக் குறைப்பதை இலக்காக அறிவித்தது. பங்கேற்பாளர் எண்ணிக்கையையோ திரட்டிய தொகையையோ அந்த இலக்கில் சேர்க்கவில்லை. நான்சி பின்னாளில் ஃபுளோரிடாவில் ப்ராமிஸ் ஃபண்ட் என்ற சிறிய அமைப்பைத் தொடங்குவதில் பங்கேற்றார். காப்பீடு இல்லாத பெண்ணுக்கு ஒரு வழித்துணைவரை அமர்த்தி, மேமோகிராமுக்கு நாள் குறிப்பதிலிருந்து, அறிக்கை வந்ததா என்று கேட்பது, தேவையானால் திசுப் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் அழைத்துச் செல்வது வரை உடனிருக்கச் செய்வது அதன் வேலை. ஒரு குறிப்பிட்ட பகுதியின் எல்லைக்குள், மருத்துவமனையின் பதிவேட்டோடும் தொலைபேசியோடும் நடக்கும் அந்த வேலையில், பயன்பெறும் பெண்ணின் பெயரும் அவர் அடுத்து எந்தத் தேதியில் வர வேண்டும் என்பதும் அமைப்புக்குத் தெரியும். வராவிட்டால் அன்று மாலையே யாராவது அழைத்துக் கேட்கவும் முடியும்.